ஆமெனுக்கு அப்புறம் ஒரு விஷயம்

ஜனவரி 12

அன்பு மகள் கீச்சுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நான், உன் அண்ணன், அண்ணி, வாலு எல்லோரும் சுகம். உன் சுகத்தையும் மாப்பிள்ளை சுகத்தையும் எழுதவும்.

வெளிநாட்டுக்குப் போன் போட்டுப் பேசினால் நீ அழுகிறாய், எனக்குக் கொட்டாவி வருகிறது. எனக்கு அழுகை கொட்டாவியாகத்தான் வரும், அது உடம்பு வாகு. உன் அம்மாவை அடக்கம் பண்ணின அன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றேன். போதகர் தன் பிரசங்கம் நீண்டுவிட்டது என்று நினைத்துச் சுருக்கிவிட்டார். அதனால் இனிமேல் எழுதிக்கொள்வோம்.

அம்மா போய் இரண்டு மாதம் ஆகிறது. அவள் சேலைகளைப் பூச்சி அரிக்க விடாதீர்கள் என்று நீதான் சொன்னாய். பாடகர் குழுப் பெண்களுக்குக் கொடுத்தோம். எல்லோரும் பேசி வைத்தது போல ஒரே ஞாயிற்றுக்கிழமை உடுத்திக்கொண்டு வந்துவிட்டார்கள். கோயிலில் எங்கே திரும்பினாலும் உன் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். காணிக்கைப் பையை நீட்டினதும் அவள். முன் வரிசையில் தூங்கி விழுந்ததும் அவள். உயிரோடு இருந்தவரைக்கும் கோயிலில் ஒரு கண் அசந்தது கிடையாது. வாலு என் காதைப் பிடித்து இழுத்து, "தாத்தா, பாட்டி நெறைய பேரா வந்துட்டாங்க" என்றாள். அன்றைக்குக் கொட்டாவி வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

பம்பு வேலைக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடத்து மோட்டார் சத்தம் மட்டும் போடுகிறது, தண்ணீர் தரமாட்டேன் என்கிறது. அது தனிக்கதை, எழுதினால் பேப்பர் போதாது.

அப்பா


பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு உங்கள் மகளின் ஸ்தோத்திரம். நாங்கள் ஆண்டவர் கிருபையில் நன்றாக இருக்கிறோம். உங்கள் இருமல் குறைந்ததா?

அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன். மாசமாக இருக்கிறேன். நான்காவது மாதம் ஆரம்பித்திருக்கிறது. ரொட்டிக் கடையில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. போன தடவை எல்லோரிடமும் சொல்லிவிட்டு, அப்புறம் ஒவ்வொருவரிடமும் போய் "இல்லை" என்று சொன்னேனே, அது போதும்.

என்னை இப்போது கேக் மேலே பெயர் எழுதுகிற மேஜையில் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க யார் யாருடைய பெயரையோ எழுதுகிறேன். நேற்று ஒரு பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. என் பெயரைச் சொல்ல இப்போது யார் இருக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. அம்மா சாயந்திர ஜெபத்தில் ஒரு நாளும் என்னை விட்டதில்லை. "தலையணைக்கு அடியில மிட்டாய் ஒளிச்சு வச்சிருக்கிற பிள்ளைக்கு நல்ல புத்தி குடும் ஆண்டவரே" என்று என்னை வைத்துக்கொண்டே சொல்லுவாள். ஜெபம் முடிவதற்குள் நான் மிட்டாயைக் கொண்டுவந்து வைத்துவிடுவேன்.

அப்பா, நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். அம்மா உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, என் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணுங்கள். மனசுக்குள் வேண்டாம். சத்தமாக.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
கீச்சு


பிப்ரவரி 20

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே குறை ஒன்றுமில்லை. இருமல் இருக்கிறது, ஆனால் முன்பு மாதிரி சண்டை போடுவதில்லை.

உன் கடிதத்தை மோட்டார் ஷெட்டில் வைத்துப் படித்தேன். கை எல்லாம் கிரீஸ். "மாசமாக" என்ற இடத்தில் ஒரு கறை விழுந்துவிட்டது. உன் அண்ணி அதைப் பார்த்து, "என்ன மாமா, நல்ல செய்தியில போய் கையைத் தொடைச்சிருக்கீங்க" என்றாள். நன்றாகச் சாப்பிடு. ரொம்ப நேரம் நிற்காதே. கடைக்காரரிடம் ஒரு ஸ்டூல் கேள். தரவில்லை என்றால் சொல், நான் ஒன்று செய்து அனுப்புகிறேன். அனுப்புகிற செலவுக்கு அங்கேயே வாங்கிவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்லுவார். அதுவும் சரிதான்.

மிட்டாய் கதை எழுதினாயே, என் கதையைக் கேள். அப்போது நீ பிறக்கவில்லை. அடுப்படிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. உன் அம்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். ஊரெல்லாம் குழாய் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டுக் குழாய் கண்ணில் படுமா? ஒரு சாயந்திரம் ஜெபத்தில் ஆரம்பித்தாள். "ஆண்டவரே, ஊர்த் தண்ணியெல்லாம் அடைக்கிற கையை இந்த மனுஷனுக்குக் குடுத்திருக்கீங்க, ஸ்தோத்திரம். அந்தக் கையை எங்க அடுப்படிப் பக்கமும் கொஞ்சம் திருப்புங்க சுவாமி." நான் என்ன பண்ணுவது? என்னிடம் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசலாம். மேலிடத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். எழுந்து போய் வாஷரை மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் இன்னும் தெருக்காரர்களுக்கு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். ஆமென் சொல்ல நான் சரியாக வந்து சேர்ந்தேன்.

வாலுவுக்கு முன்பல் ஆடுகிறது. அதற்கும் மேலே இருந்து பாட்டிதான் ஜெபம் பண்ணுவாள் என்று ஆட்டிப் பார்க்காமல் வைத்திருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அப்பா


மார்ச் 11

அப்பாவுக்கு வணக்கமும் ஸ்தோத்திரமும். நான் சுகம். வயிற்றில் இருப்பதும் சுகம் என்று டாக்டர் அம்மா சொன்னார்கள். ஸ்டூல் கொடுத்துவிட்டார்கள்.

குழாய் கதையை இவருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, "நீ கேட்டதுக்கு மாமா பதில் எழுதலையே" என்றார். நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் ஸ்டூல் இருக்கிறது, வாலுவின் பல் இருக்கிறது. அது மட்டும் இல்லை.

நான் மந்திரம் மாதிரி நினைத்துக் கேட்கவில்லை அப்பா. போன தடவையும் அம்மா ஜெபம் பண்ணினாள், போக வேண்டியது போய்விட்டது. அடுத்த நாள் போனில் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "நேத்து உனக்காக ஆண்டவர்கிட்ட சண்டை போட்டுட்டேன்டி. இன்னிக்கு சமாதானம் ஆயிட்டோம். நீ எப்ப ஆகணுமோ அப்ப ஆகு, அவசரம் இல்ல" என்றாள். எனக்காக ஒரு ஆள் அங்கே போய் நின்று பேசியிருக்கிறது என்றதும்தான் என்னால் எழுந்து முகம் கழுவ முடிந்தது.

சொன்னீர்களா, இல்லையா? ஒரு வரி போதும்.

கீச்சு


மார்ச் 29

அன்பு மகளுக்கு, அப்பா. எல்லோரும் சுகம். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்து மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு பென்சில். எந்தப் பிள்ளை போட்டது, எப்படிப் போட்டது, ஒருவருக்கும் தெரியவில்லை. தலைமை ஆசிரியர் அந்தப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

பக்கத்து வீட்டு பஸ்காரர் நேற்று வாசலில் பிடித்துக்கொண்டார். அவர் நம்ம கோயில்காரர் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் சாயந்திரம் டூட்டி முடிந்து வரும்போது நம் ஜன்னல் பக்கம் வந்ததும் செருப்பைச் சரிபண்ணுகிற மாதிரி நிற்பாராம். உன் அம்மா ஜெபத்தில் அவர் பஸ்ஸையும் பயணிகளையும் சொல்லி முடித்ததும் போய்விடுவாராம். "இப்ப நிக்கிறேன், ஒண்ணும் கேக்க மாட்டேங்குதே" என்றார். "கியர் வேற மக்கர் பண்ணுது" என்றார். நான் கியர் எண்ணெயைப் பார்க்கச் சொன்னேன்.

வாலுவுக்குப் பல் விழுந்துவிட்டது. தானாகத்தான் விழுந்தது.

அப்பா


ஏப்ரல் 9

அன்பு நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது. நீ நல்லபடியாக இருக்கிறாயா? கால் வீங்குகிறதா? உப்பைக் குறை.

மாமா உனக்கு என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியாது. எழுதாததை நான் சொல்கிறேன். கோள் சொல்கிறேன் என்று நினைக்காதே.

அத்தை போனதிலிருந்து மாமா ஜெபத்தில் உட்காரவில்லை. விளக்குப் போட்டு நான் வேதபுத்தகத்தை எடுத்ததும், ஸ்பானரை எடுத்துக்கொண்டு "ஒரு வேலை இருக்கும்மா" என்று கிளம்பிவிடுகிறார். இந்தத் தெருவில் பழுதான பம்பு ஒன்றுகூட இல்லை. நன்றாக ஓடுகிறதையும் திறந்து பார்த்துவிட்டு வருகிறார். பின் தெரு டீச்சர் என்னிடம், "உங்க மாமா வர்ற நேரத்துக்கு நாங்க மோட்டாரை நிறுத்திடறோம். சத்தம் கேட்டா கழட்டிடறார்" என்றாள். நாங்கள் ஒரு வசனம் வாசித்து, பரமண்டல ஜெபம் சொல்லி முடித்துவிடுகிறோம். உன் அண்ணனைப் பற்றி உனக்கே தெரியும், ஆமென் சொல்லவே யோசிப்பார்.

மாமா சந்தோஷமாகத்தான் இருக்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார், அத்தையைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். அந்த நாற்காலியில் மட்டும் உட்காரமாட்டார். நான் எதுவும் கேட்கவில்லை. நீ மகள், கேட்கலாம்.

அண்ணி


ஏப்ரல் 22

அன்புள்ள அப்பாவுக்கு. எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், படுத்துக்கொண்டு எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, வேலைக்குப் போகாமல் படுத்திரு என்றார்கள். கேக் மேஜைக்கு வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்கள்.

அண்ணி எழுதினாள். அவளைத் திட்டாதீர்கள்.

அப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது. அதை உங்களிடம் மறைத்து என்ன பண்ணப் போகிறேன்? நீங்கள் அம்மா மாதிரி ஜெபம் பண்ண வேண்டாம். வசனம் சொல்ல வேண்டாம். எனக்கு எப்படி எழுதுகிறீர்களோ, அப்படியே அவரிடமும் சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

கீச்சு


மே 6

என் அன்பு மகளுக்கு உன் அப்பா எழுதிக்கொண்டது. சுகம், சுகம். உன் அழுத்தம் இறங்கியதா? அதை முதலில் எழுது.

உன் அண்ணியைத் திட்டவில்லை. அவள் சொன்னது உண்மை. இத்தனை வருஷமும் என் விஷயத்தையும் உன் அம்மாவே அங்கே சொல்லிவிடுவாள். நான் ஆமென் மட்டும்தான். சொல்ல ஆளில்லாத இடத்தில் ஆமென் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனேன். அவ்வளவுதான் காரணம். வேறு மனஸ்தாபம் கிடையாது.

நேற்றுச் சாயந்திரம் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உன் அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி வேதபுத்தகத்தை மூடிவிட்டாள். கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. மின்சாரம் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை. அப்போதுதான் நீ எழுதியது ஞாபகம் வந்தது. உனக்கு எழுதுகிற மாதிரிதானே, சரி என்று ஆரம்பித்தேன்.

"அன்புள்ள ஆண்டவருக்கு, பம்பு மெக்கானிக் சொல்லிக்கிறது. நாங்க எல்லாரும் சுகம். உங்க சுகம் எப்படி?"

வாலு கண்ணைத் திறந்துவிட்டாள். "தாத்தா, இயேசப்பாவுக்கு உடம்புக்கு என்ன வரும்?"

"கையிலயும் கால்லயும் ஆணி அடிச்சிருக்காங்கல்ல. வர்றவங்க எல்லாம் அவங்கவங்க வலியைச் சொல்லிட்டுப் போயிடறாங்க. உங்களுக்கு எப்படி இருக்குன்னு ஒரு ஆளாவது கேக்க வேணாமா?"

"இப்ப ஆறியிருக்கும்."

"அதைத்தான் விசாரிக்கிறேன். கண்ணை மூடு."

ஒரு தடவை ஆரம்பித்ததும் அப்புறம் எனக்குச் சிரமமில்லை. "என் வீட்டுக்காரி நவம்பர்ல அங்க வந்தா. வந்து சேர்ந்தாளான்னு எங்களுக்குத் தகவல் இல்ல. சேர்ந்திருப்பா, வழி கேக்க வெக்கப்படற ஆள் இல்ல. அவளுக்கு ஜன்னல் பக்கம் இடம் குடுங்க. பாட்டுன்னா உயிர். ஆனா சுருதி கொஞ்சம் விலகிப் போகும். பாடகர் குழுவுல சேர்த்தா கடைசி வரிசையில நிறுத்துங்க. பாட வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா யாரா இருந்தாலும் முகம் குடுத்துப் பேச மாட்டா." உன் அண்ணி மூக்கை உறிஞ்சினாள். சிரித்தாளா அழுதாளா, கண் மூடியிருந்ததால் தெரியவில்லை.

பஸ்காரர் கியரைச் சொன்னேன். எண்ணெய் பார்த்தாச்சு, இனி உங்க கையில என்றேன். பள்ளிக்கூடத்துப் பென்சில் கதையை முழுக்கச் சொன்னேன், பென்சில் போட்ட பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பின் தெரு டீச்சர் வீட்டு மோட்டாரைச் சும்மா சும்மா கழற்றினதற்கு மன்னிப்புக் கேட்டேன். "இத்துடன் முடிக்கிறேன், ஆமென்" என்றேன். உன் அண்ணன்கூட நன்றாகவே ஆமென் சொன்னான்.

வாலு எழுந்திருக்கவில்லை. "தாத்தா, கீச்சு அத்தைய சொல்லவே இல்ல" என்றாள்.

கீச்சு, எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்துவிட்டது. எதற்காக உட்கார்ந்தேனோ அதை விட்டுவிட்டு ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். "ஆமென் சொல்லிட்டேனே. அதுக்கு மேல சொல்லலாமா?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. உன் அண்ணன்தான் வாயைத் திறந்தான். "கவர் ஒட்டினதுக்கு அப்புறம் ஏதாவது ஞாபகம் வந்தா என்னப்பா பண்ணுவீங்க?"

"பிரிச்சு எழுதுவேன்."

"அப்ப பிரிங்க."

மறுபடியும் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, ஆமெனுக்கு அப்புறம் ஒரு விஷயம். இதுதான் விஷயமே. மத்ததெல்லாம் மெதுவா பார்த்துக்கலாம்" என்று உன் பெயரைச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். "பயப்படறா. கூட இருங்க" என்றேன். அதற்கு மேல் பெரிய கொட்டாவி ஒன்று வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பஸ்காரர் ஆமென் சொன்னார்.

அப்பா


ஜூன் 10

அன்பு மகளுக்கு அப்பா. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம்.

உன் கடிதம் வரவில்லை. கேட்கவில்லை, சும்மா சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நன்றாக இருக்கிறாய் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். "நல்லா இருக்கா மாமா" என்று ஒரே மூச்சில் மூன்று தடவை சொன்னார். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

சாயந்திரம் தவறாமல் உட்காருகிறேன். இப்போது தெருவில் தெரிந்துவிட்டது. பின் தெரு டீச்சர் வாசலில் நின்று, "மெக்கானிக் சார், எங்க மாமியார் முழங்காலையும் சேர்த்துக்குங்க" என்கிறாள். யாரை விடுவது? எல்லோரையும் சொல்லி முடிப்பதற்குள் குழம்பு ஆறிவிடுகிறது, அண்ணி மறுபடி சூடு பண்ணுகிறாள். உன்னை மறப்பதில்லை. ஆனால் ஒன்று, ஆமெனுக்கு முன்னால் உன்னைச் சொல்ல எனக்கு வரவில்லை. முதலில் சொல்லிப் பார்த்தேன், சரிப்படவில்லை. கடைசியில்தான் சொல்கிறேன். ஆமென் சொன்னதும் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. உன் பெயருக்காக அப்படியே உட்கார்ந்திருக்கிறோம்.

கை ஒழிந்தால் ஒரு வரி எழுது.

அப்பா


ஜூலை 9

என் அன்பு அப்பாவுக்கும் அண்ணன் அண்ணி வாலுவுக்கும் ஸ்தோத்திரம். இவர் போனில் சொன்னது மூன்று தடவையும் உண்மை. நான் சுகம், பெண் பிள்ளை சுகம். எடை கொஞ்சம் கம்மி, குரல் கம்மி இல்லை. அழுத்தமும் இறங்கிவிட்டது. எழுதாததற்குக் கோபப்படாதீர்கள். ஒவ்வொரு நாளும் பேனாவை எடுத்தேன், "பயமாக இருக்கிறது" என்பதைத் தவிர வேறு ஒன்றும் எழுத வரவில்லை. அதை மறுபடியும் எழுத மனசில்லை.

உங்கள் மே மாதக் கடிதத்தை ஆஸ்பத்திரியில் தலைமாட்டிலேயே வைத்திருந்தேன். மடிப்பில் கிழிந்துவிட்டது.

அன்றைக்கு வலி எடுத்தபோது இங்கே மதியம். அங்கே விளக்குப் போடுகிற நேரம். உள்ளே கொண்டுபோனார்கள். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதம்மா" என்றாள். "எங்கப்பா இப்ப உக்காந்திருப்பார்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

எனக்குத் தெரிந்தது அப்பா. இப்போது ஆண்டவர் சுகத்தை விசாரிக்கிறீர்கள். இப்போது அம்மாவுக்கு இடம் சரியாக இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். அடுத்து பஸ்காரர். ஒரு வலி வந்து போகும், நீங்கள் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பீர்கள். இன்னொரு வலி, டீச்சர் மாமியார் முழங்கால். எப்படியும் என்னிடம் வருவீர்கள், அதுவரைக்கும் தாங்கினால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ரொம்ப முடியாமல் போனபோது, பயம் போய் எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. "சீக்கிரம் வாங்கப்பா" என்று கத்திவிட்டேன்.

நர்ஸ் பதறிப்போய், "அப்பா வெளிய இருக்காரா? கூப்பிடட்டுமா?" என்றாள்.

"வேணாம். பாதித் தெருவுல இருக்கார். வந்துடுவார்" என்றேன்.

டாக்டர் அம்மா சிரித்துவிட்டார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. என் பெயருக்கு வந்துவிட்டீர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

கீச்சு